லேடிஸ்மித் முற்றுகை அருங்காட்சியகத்தில் நம் ஆட்களைத் தேடினால் கிடைப்பார்களா?

நீங்கள் கேட்டது மேலுக்குப் பயணக் கேள்வி மாதிரிதான் இருக்கிறது. டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லேடிஸ்மித் போகிறீர்கள், அங்கே இருக்கிற முற்றுகை அருங்காட்சியகம் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத் தக்கதா, ஒரு நாள் போதுமா என்று. ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. ஆயாவின், அதாவது பாட்டியின், அப்பா அந்த முற்றுகைச் சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கினார் என்று வீட்டில் சொல்வார்கள், அவரைப் பற்றி அங்கே ஏதாவது இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கே முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் அங்கே சுவரில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் போங்கள், கட்டாயம் போங்கள். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால், அந்தக் கட்டடத்தில் அவரைச் சுற்றி இருந்த உலகம் முழுக்க இருக்கிறது.

நான் சரித்திரம் படித்தவன். தென்னாப்பிரிக்காவின் வடக்கு நேட்டாலில் பிறந்து வளர்ந்து, பல வருடமாக இந்தப் பக்கத்துப் போர்க்களங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் அழைத்துப் போகிறவன். இந்திய வம்சாவளியான நம் ஆட்கள் வந்தால் எல்லோரும் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முற்றுகை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குக் காரிலேயே சொல்லலாம். 1899 அக்டோபரில் பிரிட்டிஷ்காரர்களுக்கும், போயர்கள் என்ற டச்சு வம்சாவளிக் குடியேறிகளின் இரண்டு குடியரசுகளுக்கும் போர் மூண்டது. டர்பனில் இருந்து போகிற ரயில் பாதை லேடிஸ்மித்தில் இரண்டாகப் பிரியும், ஒன்று டிரான்ஸ்வாலுக்கு, ஒன்று ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டுக்கு, அவைதான் அந்த இரண்டு குடியரசுகள். அதனால் படையும் தளவாடமும் அங்கேதான் குவிந்து கிடந்தன. அக்டோபர் 30-ஆம் தேதி ஊருக்கு வெளியே பிரிட்டிஷ் ஜெனரல் ஜார்ஜ் வைட்டின் படை மோசமாகத் தோற்றுப் பின்வாங்கி ஊருக்குள் வந்தது. நவம்பர் 2-ஆம் தேதி தந்தியும் ரயிலும் அறுந்தன. அன்றிலிருந்து 1900 பிப்ரவரி 28 வரை, 118 நாள், ஊர் அடைபட்டுக் கிடந்தது. உள்ளே படையினர் மட்டும் சுமார் 13,500 பேர், ஊர்க்காரர்கள், அண்டை ஊர்களில் இருந்து ஓடி வந்தவர்கள், ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள் எல்லாம் சேர்த்தால் இருபதாயிரத்துக்கு மேல். வெளியே பீட் ஜூபேரின் போயர் படை மலைகளின் மேல். தெற்கே துகேலா ஆற்றின் அந்தப் பக்கம் இருந்து ஜெனரல் புல்லர் மீட்க வருகிறேன் என்று கொலென்சோ, ஸ்பியோன் கோப், வால் கிரான்ட்ஸ் என்று ஒவ்வொரு இடமாக அடி வாங்கி, கடைசியில் பிப்ரவரி முடிவில்தான் வழி திறந்தார். இவ்வளவு தெரிந்தால் உள்ளே இருக்கிற எல்லாப் படமும் புரியும்.

அருங்காட்சியகம் மர்ச்சிசன் தெருவில், டவுன்ஹாலை ஒட்டி இருக்கிறது. அந்தக் கட்டடமே ஒரு சாட்சி. 1884-இல் சந்தைக் கூடமாகக் கட்டினார்கள், முற்றுகையின்போது ரேஷன் கொடுக்கிற இடம் அதுதான். பக்கத்து டவுன்ஹாலை மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். அதன் கோபுரத்தில் போயர் குண்டு ஒன்று விழுந்து உடைத்தது, பிறகு சரி செய்தார்கள். வாசலில் நிற்கிற இரண்டு குட்டைப் பீரங்கிகளுக்கு காஸ்டர், போலக்ஸ் என்று பெயர். முன்பக்கம் வாய் வழியாகவே குண்டைத் திணிக்கிற பழைய வகை, 6.3 அங்குலம், அந்தக் காலத்துக்கே கிழடு. பக்கத்திலேயே போயர்களின் லாங் டாம் பீரங்கியின் மாதிரி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் உள்ளே போகும் முன் இந்த இரண்டையும் சேர்த்து நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று குட்டையாக, தடிமனாக. மற்றது நீண்ட குழாய், பிரான்சில் செய்தது, 155 மில்லிமீட்டர், நாற்பது கிலோ அளவுக்குக் கனமான குண்டைப் பத்து கிலோமீட்டர் தூரம் எறியக்கூடியது. ஊரைக் காப்பாற்றப் போதுமான நீள்தூரப் பீரங்கி வைட்டிடம் இல்லை. டர்பன் துறைமுகத்தில் நின்ற பவர்ஃபுல் என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கப்பல் பீரங்கிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு அக்டோபர் 30-ஆம் தேதியே வந்து சேர்ந்தார்கள். இன்னும் மூன்று நாள் தாமதித்திருந்தால் பாதை அடைபட்டிருக்கும்.

உள்ளே சீருடைகள், துப்பாக்கிகள், குண்டுத் துண்டுகள், புகைப்படங்கள், கடிதங்கள், சண்டைகளைச் சிறு உருவங்களாக வைத்துக் காட்டும் மாதிரிகள் எல்லாம் இருக்கின்றன. பெரும்பகுதி பிரிட்டிஷ் படைப்பிரிவுகளையும் போயர்களையும் பற்றியது. படைப்பிரிவுகளின் பெயர்களில் சிக்கிக்கொண்டால் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் சோர்ந்துபோவார்கள். என்னைக் கேட்டால், மூன்று கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சுற்றுங்கள்: யார் எச்சரித்தது, யார் என்ன சாப்பிட்டது, யார் தூக்கிச் சுமந்தது. இந்த மூன்றிலும் நம் ஆட்கள் வருகிறார்கள்.

எச்சரித்ததில் இருந்து தொடங்கலாம். ஊருக்குக் கிழக்கே புல்வானா மலை, வெளியே வந்தால் தெருவில் இருந்தே தெரியும், தலை தட்டையான பெரிய மலை. அங்கே ஒரு லாங் டாம் இருந்தது. அது கரிமருந்தில் சுடுகிற பீரங்கி, அதனால் வெடித்ததும் வெள்ளைப் புகை பெரிதாகக் கிளம்பும். குண்டு ஊருக்கு வந்து விழ இருபது, முப்பது வினாடி பிடிக்கும். புகையைப் பார்த்து யாராவது குரல் கொடுத்தால் அந்த இடைவெளியில் ஓடிப் பதுங்கலாம். அந்த வேலையைச் செய்தவர் பிரபு சிங் என்ற ஒப்பந்தக் கூலித் தொழிலாளி. குண்டு வந்து விழுகிற ஊரில் எல்லோரும் பதுங்க வேண்டிய நேரத்தில் வெட்டவெளியில், மரத்தின் மேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். காந்தி எழுதியிருப்பதன்படி ஒவ்வொரு தடவையும் மணி அடித்தார், ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று லேடிஸ்மித் அதிகாரிகளே சாட்சி சொன்னார்கள். கொடி அசைத்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. மணியா கொடியா என்பதில் பிசகு இருக்கலாம், ஆள் இருந்தார், வேலை செய்தார் என்பதில் சந்தேகமே வேண்டாம். இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த கர்சன் அவருக்கு ஒரு காஷ்மீர் அங்கி அனுப்பி, டர்பன் டவுன்ஹாலில் கூட்டம் போட்டு மேயர் கையால் கொடுத்தார்கள். பெயரைப் பார்த்தால் வடக்கத்தியர், தமிழர் இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அதே மரத்தடியில் ஓடிப் பதுங்கியவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது சாப்பாடு. எனக்கு அந்த முற்றுகையிலேயே அதிகம் உறுத்துவது இதுதான். பிப்ரவரி மாதம் ஊரில் ஏலம் விட்ட பொருள்களின் உச்ச விலையை ஏலக்காரர் கையெழுத்துப் போட்டு ஒரு பட்டியலாகக் கொடுத்திருக்கிறார், முற்றுகை பற்றிய பழைய ஆவணங்களில் அது திரும்பத் திரும்ப வரும். ஒரு டஜன் முட்டை 48 ஷில்லிங். ஒரு டின் கெட்டிப்பால் 10 ஷில்லிங். வெள்ளைக்காரர்கள் அந்தப் பட்டியலை வேடிக்கையாகவும் பெருமையாகவும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நம் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒரு ஆண் கூலிக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருடம் 14. ஒரு டின் பாலுக்கு ஒரு மாதச் சம்பளம். ஒரு டஜன் முட்டைக்கு ஐந்து மாதச் சம்பளம் கிட்டத்தட்ட. நேட்டால் அரசு ரயில்வேயில் நம் ஆட்கள் ஏராளமாகக் கூலி வேலை பார்த்தார்கள், லேடிஸ்மித் ரயில் சந்திப்பு வேறு, ஆகவே ஊருக்குள் அடைபட்டவர்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கு அந்த நான்கு மாதம் என்ன கிடைத்திருக்கும்? படையினருக்கே கடைசியில் குதிரையை அறுத்து, அதைக் காய்ச்சிச் சாறு இறக்கி, செவ்ரில் என்று பெயர் வைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். குதிரைகளுக்குத் தீனி இல்லாமல் போனதால் எப்படியும் அவை செத்துக்கொண்டிருந்தன. அருங்காட்சியகத்தில் குதிரைக் கறியைப் பற்றிப் படிக்கும்போது பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த இடத்தில் நிறுத்தி இந்த 10 ஷில்லிங் கணக்கைச் சொல்லுங்கள், அவர்கள் நின்று கேட்பார்கள்.

குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது, இதுவும் நிச்சயமான விஷயம். கிளிப் ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போய் டைஃபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பரவின. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, புல்வானா மலையின் அடிவாரத்தில் இன்டோம்பி என்ற இடத்தில் சண்டைக்கு வெளியே ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். தினமும் வெள்ளைக் கொடி கட்டிய ஒரு ரயில் ஊரில் இருந்து நோயாளிகளை அங்கே கொண்டுபோகும். நான்கு மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே படுத்து எழுந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் எழவில்லை, முகாமை ஒட்டிய இடுகாட்டில் கிடக்கிறார்கள். பேர்பெற்ற லண்டன் பத்திரிகையாளர் ஸ்டீவன்ஸ் ஜனவரி 15-ஆம் தேதி லேடிஸ்மித்தில் இறந்ததும் இதே டைஃபாய்டில்தான். குண்டுக்குப் பயந்து ஊர் மக்கள் ஆற்றங்கரையில் குழி தோண்டிப் பகலெல்லாம் அதற்குள் இருந்தார்கள். அதே கரைதான் நோய்க்கும் இடம்.

இனி உங்கள் ஆயாவின் அப்பா. இதில் பெரும்பாலானவர்கள் குழப்பிக்கொள்கிற ஒன்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காந்தி லேடிஸ்மித் முற்றுகைக்குள் இருந்தார் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், ஊரில் அவருக்குச் சிலை இருப்பதால் இன்னும் அழுத்தமாக நம்புகிறார்கள். அவர் உள்ளே இல்லை. அவருடைய இந்திய ஆம்புலன்ஸ் படை வெளியே, மீட்க வந்த புல்லரின் படையோடு துகேலா பக்கம் வேலை பார்த்தது. ஆகவே இந்தச் சண்டையில் இந்தியர்கள் என்று சொன்னால் மூன்று வகை. ஒன்று, காந்தியின் ஆம்புலன்ஸ் படை, வெளியே. இரண்டு, ரயில்வே, நகரசபை, கடை, வீட்டு வேலை என்று ஊருக்குள் அடைபட்டவர்கள். மூன்றாவதை எல்லோரும் மறந்துபோகிறார்கள்: வைட்டின் படையில் ஒரு பகுதி இந்தியாவில் இருந்து கப்பலில் வந்தது, அதோடு டோலி தூக்குகிறவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், குதிரைக்காரர்கள், லாடம் கட்டுபவர்கள், துணி வெளுப்பவர்கள் என்று இந்தியப் பணியாளர்களும் வந்தார்கள். ஊருக்குள் காயம்பட்டவர்களைத் தூக்கியது பெரும்பாலும் இவர்கள். இவர்கள் படையோடு வந்து படையோடு போகிறவர்கள், ஆகவே சாட்ஸ்வர்த்தில் பேத்தியும் கொள்ளுப்பேத்தியும் இருக்கிற குடும்பம் என்றால் உங்கள் கதை முதல் வகை அல்லது இரண்டாம் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தூக்கினார் என்று வீட்டில் சொல்வதால் முதல் வகைப் பக்கம்தான் நான் சாய்வேன். ஆனால் அது ஊகம், ஆவணம் கிடைக்கும்வரை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆம்புலன்ஸ் படையைப் பற்றி நன்றாகத் தெரிந்தது இவ்வளவு. மொத்தம் சுமார் 1,100 பேர். அதில் முந்நூறு பேர் அளவு கூலி ஒப்பந்தத்தில் கட்டுப்படாத சுதந்திர இந்தியர்கள், மீதி எண்ணூறு பேர் ஒப்பந்தக் கூலிகள், முதலாளிகள் அனுப்பிவைத்தவர்கள். காயத்துக்குக் கட்டுப் போடவும் ஆளைத் தூக்கவும் பயிற்சி கொடுத்தவர் டாக்டர் பூத், டர்பனில் செயின்ட் எய்டன்ஸ் ஆங்கிலிக்கன் மிஷனை நடத்தியவர், அந்த ஆஸ்பத்திரிப் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1899 டிசம்பர் 15 கொலென்சோ சண்டையில் முதல் வேலை. அங்கே பிரிட்டிஷ்காரர்கள் பத்துப் பீரங்கிகளைப் பறிகொடுத்தார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள். பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸுக்கு உயிரோடிருந்த ஒரே மகன் அந்தப் பீரங்கிகளை மீட்கப் போய் அடிபட்டு இறந்தான், அவனைத் தூக்கியது எங்கள் படை என்று காந்தி எழுதுகிறார். சண்டை முடிந்ததும் படையைக் கலைத்துவிட்டு ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஸ்பியோன் கோப்பும் வால் கிரான்ட்ஸும் அந்த இரண்டாவது தடவை. குண்டு விழும் எல்லைக்குள் போக வேண்டியதில்லை என்பது ஒப்பந்தம். ஸ்பியோன் கோப்பில் தோல்வி வந்தபோது, கட்டாயம் இல்லை, வந்தால் நன்றியோடு இருப்பேன் என்று புல்லர் சொல்லி அனுப்ப, போனார்கள். கரடுமுரடான பாதையில் மாட்டு வண்டியில் ஏற்றினால் குலுக்கலிலேயே காயக்காரன் செத்துப்போவான், அதனால் ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்து முகாமில் இருந்து ஃப்ரேர் ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தே கொண்டுபோனார்கள். சில நாள் இருபது, இருபத்தைந்து மைல். ஜனவரி வெயில். முள்ளும் கல்லும் நிறைந்த அந்த நிலத்தில் வெறும் கையோடு ஐந்து மைல் நடந்து பாருங்கள், அப்புறம்தான் அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரியும்.

இப்போது சந்தேகமானவை. ஸ்பியோன் கோப்பில் காந்தியும் சர்ச்சிலும் நேருக்கு நேர் சந்தித்தார்கள் என்று சொல்வதைக் கேட்பீர்கள். அந்த ஜனவரியில் காந்தி, சர்ச்சில், போயர் தளபதி லூயி போத்தா மூன்று பேரும் அந்தச் சண்டையில் இருந்தது உண்மை. சந்தித்தார்கள் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. கொள்ளுத்தாத்தாவுக்கு மெடல் வந்தது, யாரோ தொலைத்துவிட்டார்கள் என்ற கதையும் நிறைய வீடுகளில் உண்டு. படையில் மெடல் கிடைத்தது தலைவர்களாகப் பட்டியலிட்ட 37 பேருக்கு. அதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: உங்கள் வீட்டில் மெடல் இல்லை என்பதால் அவர் போகவில்லை என்று ஆகிவிடாது. எண்ணூறு கூலிகளில் யாருக்கும் மெடல் வந்திருக்க வழியே இல்லாத ஏற்பாடு அது. ஊரில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பளிங்குப் பலகைகளில் சுவர் நிறைய இருக்கின்றன, போய்ப் பாருங்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு வரி. அந்தச் சிப்பாய்களைச் சுமந்த கூலிகளுக்கு அப்படி ஒரு வரி இல்லை என்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு தடவையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. காந்தி தனக்கு வந்த மெடலை 1920-இல் மற்ற மெடல்களோடு வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் கூலிகளைப் பற்றி எழுத்தே இல்லை என்று நினைக்காதீர்கள். 1860 நவம்பரில் டுரூரோ கப்பல் சென்னையில் இருந்து டர்பன் வந்ததில் தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். எந்த முதலாளியிடம் போனார் என்பதும் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த எண். ஆயாவின் பிறப்புப் பதிவிலோ அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவிலோ அது எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் பழைய தகரப்பெட்டி, சாமி அறை அலமாரி, குடும்ப பைல் எல்லாவற்றையும் ஒரு தடவை துழாவுங்கள். எண் கிடைத்தால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிற காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் கேளுங்கள். 1899 கடைசியில் அவர் யாரிடம் வேலை பார்த்தார் என்று தெரிந்துவிட்டால் நிறையத் தெளியும். கரையோரக் கரும்புத் தோட்டத்தில் இருந்தவர் என்றால் ஆம்புலன்ஸ் படைக்கு முதலாளி அனுப்பியிருக்கலாம். ரயில்வே என்று இருந்து, ஊரும் லேடிஸ்மித் பக்கம் என்றால், அவர் முற்றுகைக்குள் அடைபட்டவராகவே இருக்கலாம். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது, முனுசாமி ஐந்து விதமாக இருப்பார், அதோடு ஒரே கப்பலில் நான்கு முனுசாமி.

பயணத்துக்கு வருகிறேன். டர்பனில் இருந்து N3 நெடுஞ்சாலையில் கிளம்பினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் முதல் வேலையாக அருங்காட்சியகம், ஒன்றரை மணி நேரம் தாராளம். வெளியே வந்ததும் ஊருக்குத் தெற்கே பிளாட்ரான்ட் என்கிற நீண்ட மேட்டுக்கு வண்டியை விடுங்கள், வேகன் ஹில் என்று பலகை இருக்கும். 1900 ஜனவரி 6-ஆம் தேதி போயர்கள் ஊரைப் பிடிக்கச் செய்த பெரிய முயற்சி அங்கேதான் நடந்தது, விடியும் முன்னே தொடங்கிச் சாயங்காலம் புயல்மழையில் முடிந்தது. போயர்களுக்கான நினைவுச் சின்னமும் மேலேதான். அங்கே நின்று கீழே பார்த்தால் ஊர் சட்டிக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும், சுற்றிலும் மலை விளிம்பு. அருங்காட்சியகத்தில் படித்தது எல்லாம் அந்த ஒரு பார்வையில் பொருந்திவிடும். முடிந்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊருக்குள் விஷ்ணு கோயிலில் காந்தி சிலை இருக்கிறது, கிளிப் ஆற்றங்கரையில் சூஃபி மசூதி மிக அழகானது. அதன் வேலை முற்றுகைக்குச் சில வருடம் முன்பே தொடங்கியது.

ஸ்பியோன் கோப் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பெரியவர்கள் யாராவது கூட வந்தாலும் பயப்பட வேண்டாம், உச்சிக்குக் கிட்டே வரை வண்டி போகும், கடைசிப் பாதை மண் சாலை, செங்குத்து. உச்சியில் பாறை, அதனால் அன்று இரவு மூடுபனியில் ஏறிய பிரிட்டிஷ்காரர்களால் முழங்கால் ஆழம்கூடப் பதுங்குகுழி வெட்ட முடியவில்லை. விடிந்து பனி விலகியதும்தான் தெரிந்தது, மூன்று பக்கம் இருந்தும் போயர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள் என்று. 240-க்கு மேற்பட்டவர்கள் அந்த உச்சியில் செத்தார்கள், பலரை அவர்கள் வெட்டிய குழியிலேயே புதைத்தார்கள். வெள்ளையடித்த கற்கள் வரிசையாகப் போவதைப் பாருங்கள், அதன் கோணல் அப்படியே அந்தக் குழியின் கோணல். செத்தவர்களில் நிறையப் பேர் இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்து லங்காஷயர் பிள்ளைகள், அதனால்தான் லிவர்பூல் கால்பந்து மைதானத்தின் ஒரு பக்கத்துக்குக் கோப் என்று பெயர் வந்தது. டர்பனில் லிவர்பூல் சட்டை போடாத பையன் எந்த வீட்டில் இருக்கிறான், இதைச் சொன்னால் உங்கள் பையன் மலை ஏற மறுக்கமாட்டான். உச்சியில் நின்று கீழே இறங்கும் சரிவைக் காட்டிச் சொல்லுங்கள், காயம்பட்டவர்களை இந்தக் கல்லில் கால் ஊன்றித்தான் இறக்கினார்கள், பிறகு நம் ஆட்கள் அவர்களை வாங்கிக்கொண்டு நடந்தார்கள் என்று. உங்கள் ஆயாவின் அப்பா அங்கே இருந்தாரா என்பது ஆவணம் சொல்ல வேண்டியது. அவரைப் போன்ற எண்ணூறு பேரின் வேலை அந்தப் பக்கம் நடந்தது என்பதை நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

போயர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள், ஒரு பக்கமாகப் போய்விடக்கூடாது. பின்னால் பிரிட்டிஷ்காரர்கள் அவர்களுடைய பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தார்கள், இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் அங்கே மடிந்தார்கள், கறுப்பின மக்களுக்குத் தனி முகாம், அங்கேயும் ஆயிரக்கணக்கில் சாவு. பிடிபட்ட போயர்களில் பலரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கப்பலேற்றினார்கள். திருச்சியிலும் நீலகிரியிலும்கூடப் போயர் கைதிகள் இருந்தார்கள். நம் முன்னோர்கள் வந்த கடலிலேயே எதிர்த்திசையில் அவர்கள் போனார்கள்.

சில சின்ன விஷயங்கள். வார இறுதியில் அருங்காட்சியகம் திறந்திருக்கிற நேரம் மாறும், கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நவம்பரில் இருந்து மார்ச் வரை பிற்பகல் இடிமழை அதிகம், ஸ்பியோன் கோப் உச்சியில் ஒதுங்க இடம் கிடையாது, மின்னல் நேரத்தில் அங்கே நிற்கக்கூடாது, ஆகவே அந்த மாதங்களில் போனால் காலையில் ஸ்பியோன் கோப், மத்தியானம் அருங்காட்சியகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் காலையில் உறைபனி இருக்கும், டர்பன் குளிர் என்று நினைத்து மெல்லிய ஸ்வெட்டரோடு போகாதீர்கள். மலைமேல் கடை ஒன்றும் இல்லை, தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள். காலனி எண் கிடைத்தால் அதையும் அவர் வந்த கப்பலையும் எழுதுங்கள், எந்தப் பதிவேட்டில் அடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.